எந்தச் சித்திக்கு வந்தது?

"எங்க சித்திக்கு மார்புல கட்டி வந்து ஆபரேஷன் பண்ணாங்க டாக்டர், எனக்கும் வருமா?" இப்படிக் கேட்கும் பெண்ணிடம் மருத்துவர் முதலில் திருப்பிக் கேட்க வேண்டியது, "எந்தச் சித்தி?" என்பதுதான். அம்மாவின் தங்கையும் சித்தி, சித்தப்பாவின் மனைவியும் சித்தி. முதலாமவர் உங்கள் ரத்தம். இரண்டாமவர் வெளியிலிருந்து வந்த மருமகள் என்றால், அவருடைய நோய்க்கும் உங்கள் உடம்புக்கும் மரபுத் தொடர்பு இல்லை. அத்தையும் அப்படித்தான்: அப்பாவின் உடன்பிறந்தவரா, மாமாவின் மனைவியா? சொந்தத்துக்குள்ளேயே பெண் கொடுத்து எடுத்த குடும்பம் என்றால் அதையும் சொல்லிவிடுங்கள்; கணக்கு மாறும்.

அப்பா வழியும் வழிதான்

மார்பகப் புற்றுநோய் என்றாலே அம்மா, பாட்டி என்று தாய்வழியை மட்டும் எண்ணிப் பார்க்கிறோம். இது பெரிய தவறு. இந்த நோயோடு தொடர்புடைய பிஆர்சிஏ-1, பிஆர்சிஏ-2 என்ற இரண்டு மரபணுக்களும் எல்லோருடைய உடலிலும் உண்டு. சிதைந்த டிஎன்ஏவைப் பழுது பார்ப்பது அவற்றின் வேலை. அதில் பிழை ஏற்பட்டால்தான் ஆபத்து. பிழை அப்பாவிடம் இருந்தாலும் அம்மாவிடம் இருந்தாலும், ஒவ்வொரு பிள்ளைக்கும், ஆணோ பெண்ணோ, அது வந்து சேரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு.

தாத்தாவிடமிருந்து அப்பாவுக்கு, அப்பாவிடமிருந்து மகளுக்கு என்று பிழை சத்தமில்லாமல் இறங்கிவரலாம். அத்தைமார் இல்லாத வீட்டில் அது வெளியே தெரியாமலே இருந்துவிடும். ஆண்களுக்கும் இந்தப் பிழையால் மார்பகப் புற்றும் புராஸ்டேட் புற்றும் வரக்கூடும்.

1866இல் பிரெஞ்சு மருத்துவர் பால் புரோக்கா தன் மனைவியின் குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்த மார்பகப் புற்றைப் பதிவு செய்தார். அது மரபணு வழியாக வருகிறது என்று காட்ட ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆனது. 1990இல் அமெரிக்க ஆய்வாளர் மேரி-கிளேர் கிங், 17ஆம் குரோமோசோமில் அந்த இடத்தைச் சுட்டினார். 1994இல் பிஆர்சிஏ-1 பிரித்தெடுக்கப்பட்டது.

இரண்டு மடங்கு என்றால்

தாய்க்கோ அக்கா தங்கைக்கோ நோய் இருந்தால் உங்கள் ஆபத்து மற்றவர்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு. இரண்டு மடங்கு என்பதால் நோய் வந்தே தீரும் என்று பொருளில்லை. அப்படிப்பட்ட பெண்களிலும் பெரும்பாலோருக்கு அது வருவதில்லை. பிஆர்சிஏ பிழை இருப்பவர்கள் நிலை வேறு: 80 வயதுக்குள் நூற்றில் சுமார் 70 பேருக்கு மார்பகப் புற்று வருகிறது.

மார்பகப் புற்றுகளில் 5 முதல் 10 சதவீதம்தான் இப்படி மரபணுப் பிழையால் வருபவை. நோய் வந்த பெண்களில் பெரும்பாலோருக்குக் குடும்பத்தில் வேறு யாருக்கும் வந்ததில்லை. "எங்க வம்சத்திலேயே கிடையாது" என்று கட்டியைக் காட்டாமல் விடுவதுதான் எனக்கு அதிகம் அச்சம் தருகிறது.

எப்போது விசாரிக்க வேண்டும்?

ரத்த உறவில் ஒருவருக்கு 50 வயதுக்குமுன் மார்பகப் புற்று. ஒருவருக்கே இரண்டு மார்பிலும். ஒரே வழியில் இரண்டு மூன்று பேருக்கு. குடும்பத்தில் யாருக்காவது சினைப்பைப் புற்று (இதே பிழையால் அதுவும் வரலாம்). ஆண் ஒருவருக்கு மார்பகப் புற்று. இவற்றில் ஒன்று இருந்தாலும் மரபணு ஆலோசனை கேட்பது நல்லது.

பரிசோதனை ரத்தத்திலோ எச்சிலிலோ செய்யலாம். ஆனால் முதலில் நோய் வந்தவருக்குச் செய்வதே சரி. அவரிடம் என்ன பிழை என்று தெரிந்தால்தான், "உங்களிடம் இல்லை" என்ற முடிவை நீங்கள் நம்பி மூச்சுவிட முடியும்.

பிழை இருந்தால் வழியும் இருக்கிறது. 25 வயதிலிருந்து ஆண்டுதோறும் எம்ஆர்ஐ, 30லிருந்து மேமோகிராமும் சேர்த்து எடுப்பார்கள். இளம் மார்பகம் அடர்த்தியானது, மேமோகிராமில் மட்டும் கட்டி தெளிவாகத் தெரியாது. சிலர் நோய் வருமுன்பே அறுவை சிகிச்சை செய்துகொள்கிறார்கள். நடிகை ஏஞ்சலினா ஜோலி, தான் அப்படிச் செய்துகொண்டதை 2013இல் வெளிப்படையாக எழுதினார். அவருடைய தாயார் 56 வயதில் புற்றுநோயால் இறந்தவர்.

மறைக்கிற வீடுகள்

நம் வீடுகளில் "வயித்துல கட்டி", "அந்த வியாதி" என்றுதான் சொல்வார்கள். பெண்ணுக்கு வரன் பார்க்கும் நேரத்தில் அதுவும் வாயில் வராது. இந்த மௌனத்துக்குப் பின்னால் இருக்கும் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் 'வயித்துக் கட்டி'யில் இறந்த பாட்டிக்கு இருந்தது சினைப்பைப் புற்றாக இருந்தால், பேத்திக்குத் தெரியவேண்டிய மிக முக்கியமான செய்தியை அந்த மௌனம் புதைத்துவிடுகிறது.

இந்த வாரமே ஒரு தாளை எடுத்து இரண்டு வழி உறவுகளையும் எழுதுங்கள்: யாருக்கு, என்ன புற்று, எந்த வயதில். அம்மாவிடம் கேட்டு முடித்ததும் அப்பாவிடமும் கேளுங்கள், அவருடைய அம்மா எதனால் இறந்தார் என்று.