உயர்நிலைப் பள்ளிகளை ஒப்பிட்டறிதல்
சிங்கப்பெருமாள் கோவில் சுற்றுக் கிராமத்தார்க்குச் சில குறிப்புகள்

சிங்கப்பெருமாள் கோவில், சென்னையிலிருந்து திருச்சிக்குச் செல்லும் பெருஞ்சாலையிலும் செங்கற்பட்டு இருப்புப் பாதையிலும் அமைந்த ஊராகும். இங்கிருந்து ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் செல்லும் சாலையை அடுத்த பிரதேசம் முன்னாளில் ஏரிப் பாசனத்தால் நெல் விளைந்த பூமி. 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹுண்டாய் தொழிற்சாலையும், 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிஸான் தொழிற்சாலையும் வேலை தொடங்கின; பின்னர் வேறு பலவும் வந்தன. நிலம் கைமாறிய குடும்பங்களின் பிள்ளைகளுக்கு ஜீவனம் பள்ளிப் படிப்பையே பெரிதும் சார்ந்ததாயிற்று. ஆகவே, பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்பது திருக்கச்சூர், ஆப்பூர் முதலிய கிராமத்தார் ஆராய்ந்து முடிவு செய்யவேண்டிய விஷயமாகும்.

பள்ளிகளின் வகை

உயர்நிலைப் பள்ளி 10-ஆம் வகுப்பு வரையிலும், மேல்நிலைப் பள்ளி 12-ஆம் வகுப்பு வரையிலும் உடையது. இவ்வேற்பாடு 1978-ல் வந்தது. அரசுப் பள்ளி, அரசு உதவி பெறும் பள்ளி, கட்டணம் பெறும் தனியார் பள்ளி என மூவகையுண்டு. மெட்ரிகுலேஷன் பள்ளியின் பாடம் உயர்ந்தது என்ற எண்ணம் இன்னும் பலரிடம் காணப்படுகிறது. 2010-ல் 1, 6-ஆம் வகுப்புகளுக்கும், 2011-ல் ஏனைய வகுப்புகளுக்கும் சமச்சீர்ப் பாடத்திட்டம் வந்தபின், 10-ஆம் வகுப்பு வரை இவ்விருவகைப் பள்ளிகளுக்கும் பாடம் ஒன்றே. மத்திய போர்டு பள்ளிகளின் பாடம் மாத்திரம் வேறு.

தேர்ச்சி விகிதம் ஒன்றே போதாது

பரீட்சை முடிவு வெளியானதும் நூற்றுக்கு நூறு தேர்ச்சியென விளம்பரப் பலகை வைக்கும் பள்ளிகள் உண்டு. இதனை ஒரு கணக்கால் விளக்கலாம். ஒரு பள்ளியில் 9-ஆம் வகுப்பில் 100 மாணாக்கர் இருந்து, அவர்களில் 70 பேரே 10-ஆம் வகுப்புப் பரீட்சை எழுதி, எழுபதின்மரும் தேறினர் எனக் கொள்க, விகிதம் 100. மற்றொரு பள்ளியில் நூற்றுவரில் 95 பேர் எழுதி 86 பேர் தேறினர். விகிதம் 90 சொச்சம். விகிதத்தில் முதற்பள்ளி உயர்ந்தது. ஆயினும் கரையேறிய பிள்ளைகள் இரண்டாம் பள்ளியிலேயே அதிகம். எனவே, தேர்ச்சி எத்தனை என்பதோடு, முந்திய ஆண்டில் இருந்தவர் எத்தனை பேர், இடையில் நின்றவர் ஏன் நின்றனர் என்பதையும் கேட்டல் வேண்டும். ஓராண்டு முடிவைக்கொண்டு தீர்மானிக்காது, மூன்றாண்டு முடிவுகளைப் பார்த்தல் நலம். 2017-ல் தமிழ்நாடு அரசு பொதுப் பரீட்சையில் முதலிடம் பெற்றோர் பட்டியலை நிறுத்தியதும், ஒருவர் இருவரது மதிப்பெண்ணுக்கு அளவிறந்த முக்கியம் தருவதைத் தவிர்ப்பதற்கேயாம்.

2019 நவம்பரில் செங்கற்பட்டு ஜில்லா காஞ்சீபுரத்திலிருந்து பிரிக்கப்பட்டது. சிங்கப்பெருமாள் கோவில் முன்னதிலும், ஒரகடம் பின்னதிலும் உள்ளன. ஆகையால் இவ்வட்டாரப் பள்ளிகளை ஒப்பிடுவோர் இரு ஜில்லாக்களின் கணக்கையும் பார்க்கவேண்டும்.

தூரமும் வழியும்

ஐந்து கிலோமீட்டருக்குள் ஓர் உயர்நிலைப் பள்ளி இருத்தல் வேண்டும் என்பது 2009-ல் தொடங்கிய மத்திய இடைநிலைக் கல்வித் திட்டத்தின் நோக்கம். ஆனால், கனரக லாரிகள் ஓயாது செல்லும் சாலையில் மூன்று கிலோமீட்டர் சைக்கிளில் செல்வதினும், பஸ்ஸில் எட்டுக் கிலோமீட்டர் செல்வது க்ஷேமமாக இருக்கலாம். மாலை வகுப்பு முடிந்தபின் பஸ் உண்டா என்பதை, பெண்பிள்ளைகளின் பெற்றோர் முதலில் விசாரிக்கவேண்டும்.

உபாத்தியாயரும் பாடப்பிரிவும்

கட்டடத்தினும் உபாத்தியாயரே முக்கியம். கணிதத்திற்கும் விஞ்ஞானத்திற்கும் உரிய பட்டதாரி உபாத்தியாயர் நிரந்தரமாக உள்ளனரா, ஆய்வுக்கூடம் உபயோகத்தில் உள்ளதா, கழிப்பிடத்தில் தண்ணீர் உண்டா என்பவற்றை நேரிற் சென்று காணலாம். மேல்நிலைப் பள்ளியாயின் என்னென்ன பாடப்பிரிவுகள் உள என்பதும் தெரிந்துகொள்ளத்தக்கது. கணிதப் பிரிவில்லாத பள்ளியிற் படித்தோர்க்குப் பொறியியற் கல்லூரியும், உயிரியற் பிரிவில்லாத பள்ளியிற் படித்தோர்க்கு வைத்தியக் கல்லூரியும் பெரும்பாலும் எட்டாதனவாகும். தொழிற்சாலை வேலையை நாடுவோர்க்குப் பாலிடெக்னிக் பட்டயமும் தொழிற்பயிற்சி நிலையத்தின் பல பிரிவுகளும் 10-ஆம் வகுப்புத் தேர்ச்சிக்குப் பின்னரே கிட்டும்.

பள்ளி மாற்றுமுன் அறியவேண்டியது

6 முதல் 12-ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியிற் படித்தோர்க்கு வைத்தியக் கல்லூரி இடங்களில் 7.5 சதவீதம் 2020-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒதுக்கப்பட்டது. 2021-ல் பொறியியல், விவசாயம் முதலிய படிப்புகளுக்கும் அது விரிந்தது. அவ்வாறு படித்து உயர்கல்விக்குச் செல்லும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் அளிக்கும் புதுமைப்பெண் திட்டம் 2022-லும், ஆண்களுக்குரிய தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024-லும் தொடங்கின. கையில் சிறிது பணம் சேர்ந்த குடும்பத்தார் பிள்ளையை இடையில் இரண்டோராண்டு கட்டணப் பள்ளிக்கு மாற்றினால், செலவிட்ட பணத்தோடு இவ்வுரிமைகளையும் இழக்க நேரிடும். மாற்றுவதற்கு முன் இவ்விரண்டையும் சேர்த்தே கணக்கிடுதல் வேண்டும்.

கிராமத்தார் கடமை

நல்ல பள்ளியைத் தேடிச் செல்வது ஒரு வழி. உள்ள பள்ளியை நல்லதாக்குவது மற்றொரு வழி. அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழுக்கள் 2022-ல் புதிதாக அமைக்கப்பட்டன. அவற்றில் பெற்றோரே பெரும்பான்மையோர். உபாத்தியாயர் இடம் காலியாயின், பஸ் வசதி குறைந்தால், பிள்ளைகள் படிப்பை நிறுத்தினால், அதனைக் குழுவில் தீர்மானமாக எழுதி மேலதிகாரிகளுக்கு அனுப்பலாம். வெளியூர் சென்று படிக்க வசதியற்ற ஏழைப் பிள்ளைகளுக்கு ஊர்ப்பள்ளியை விட்டால் வேறு கதியில்லை. ஆதலின், தம் பிள்ளையை வேறிடத்திற் சேர்த்த பெற்றோரும் ஊர்ப்பள்ளியின் குறைகளைக் கவனித்து வருதல் கடமையாகும்.