மண்டியில் ஊறிய மஸ்கடே

பிரான்ஸின் லுவார் நதி அட்லாண்டிக் கடலை நெருங்கும் இடத்தில் இருக்கிறது நாந்த் நகரம். அதைச் சுற்றி விளையும் வெள்ளை ஒயினுக்கு மஸ்கடே என்று பெயர். வெளிறிய நிறம், அடக்கமான மணம், நல்ல புளிப்பு. சாதாரணப் புட்டி அங்குள்ள கடைகளில் பெரும்பாலும் பத்து யூரோவுக்குள் கிடைத்துவிடும். ஆனால் பச்சையாகத் தின்னும் கடல்சிப்பிக்குத் துணையாக, இதைவிடப் பல மடங்கு விலையுள்ள ஒயின்களை விட்டுவிட்டு இதைத்தான் நான் சொல்வேன்.

திராட்சை ஒன்றும் குலத்தில் குறைந்ததல்ல. மெலோன் த பூர்கோன் என்ற இந்த வகையும் உலகப் புகழ் ஷார்டனேயும் ஒரே பெற்றோரின் பிள்ளைகள் என்று மரபணு ஆய்வு காட்டியிருக்கிறது. 1709-இன் கொடுங்குளிரில் நாந்த் வட்டாரத்துக் கொடிகள் கருகின. குளிர் தாங்கும் மெலோன் அங்கே பரவியது அதன் பிறகுதான்.

சூட்சுமம் தொட்டியின் அடியில் இருக்கிறது. சர்க்கரையைத் தின்று சாராயமாக்கி முடித்த ஈஸ்ட் செத்து மண்டியாகப் படியும். பல ஒயின்களை அதிலிருந்து சீக்கிரமே பிரித்துவிடுவார்கள். 'சூர் லீ', அதாவது 'மண்டிமேல்', என்று முத்திரை பெற்ற மஸ்கடேயோ குளிர்காலம் முழுக்க அதன் மேலேயே கிடக்கும். மார்ச் மாதத்துக்கு முன் புட்டியில் அடைக்க விதி இடம் கொடுக்காது. அதற்குள் செத்த ஈஸ்ட்டின் நொதிகள் அதன் உடலையே செரிக்கத் தொடங்கியிருக்கும். இதற்குத் தற்சிதைவு என்று பெயர். செல்சுவரிலிருந்து கசியும் புரதச்சர்க்கரைகள் வாயில் ஒரு வழவழப்பைத் தருகின்றன. கூடவே அமினோ அமிலங்களும் வெளியேறும். அவற்றில் ஒன்று குளூட்டமேட்.

1908-இல் ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இகேடா கடற்பாசிச் சாற்றில் கண்ட 'உமாமி' சுவைக்குக் காரணம் இதே குளூட்டமேட்தான். நாக்கில் இதற்கென ஓர் ஏற்பி உண்டு. குளூட்டமேட் வந்து உட்கார்ந்ததும் அது வாய் மூடும். சிப்பிச் சதையிலுள்ள நியூக்ளியோடைடுகள் அந்த மூடிய வாயைத் திறக்கவிடாமல் பிடித்துக்கொள்ளும். இரண்டும் சேரும்போது சுவை கூடுவதில்லை, பெருகுகிறது! ஷாம்பெயினும் சிப்பியும் பொருந்துவதற்கு இதுவே காரணம் என்று கோபன்ஹேகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-இல் விளக்கினார்கள். ஷாம்பெயின் மண்டியில் இன்னும் நெடுநாள் கிடக்கும், விலையும் அதற்கேற்பத்தான். அதே முறையில் புட்டிக்குள் நுரைக்கவிட்ட 'கிரெமான் த லுவார்' பணப்பைக்கு இதமானது.

மீனோடு சிவப்பு ஒயின் கூடாது என்பார்களே, அதற்கும் வேதியியல் இருக்கிறது. 2009-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் பல ஒயின்களை உலர்ந்த ஸ்காலப் என்னும் சிப்பிவகைச் சதையோடு சுவைத்துப் பார்த்தார்கள். கவிச்சை வாடையைக் கிளப்பியது இரும்பு. லிட்டருக்கு இரண்டு மில்லிகிராம் தாண்டினாலே வாடை தூக்கலாகிவிடும். மாடியிலுள்ள 500 லிட்டர் தண்ணீர்த் தொட்டியில் ஒரே ஒரு கிராமைக் கரைத்தது போன்ற அளவு அது! கடலுணவின் கொழுப்பைச் சிதைத்து நாற்றப் பொருள்களை உண்டாக்க இவ்வளவு போதும். ஆகவே குற்றவாளி நிறமல்ல. இரும்பு குறைந்த சிவப்பு தப்பிவிடும், இரும்பு மிகுந்த வெள்ளை மாட்டிக்கொள்ளும்.

சிவப்புக்கு வேறு ஜோடி உண்டு. பிரான்ஸின் தென்மேற்கே கஹோர் ஊரில், மால்பெக் திராட்சையில் செய்வது கறுத்த, துவர்ப்பான ஒயின். அதன் டானின் என்னும் துவர்ப்புப் பொருள் உமிழ்நீரின் புரதங்களைப் பற்றித் திரட்டிவிடுவதால் நாக்கு வறண்டு இழுக்கும். தன் கொழுப்பிலேயே மெல்ல வெந்த வாத்துக்கறியை ஒரு வாய் தின்றால் கொழுப்பும் இறைச்சிப் புரதமும் டானினை மழுக்கும். டானின் நாக்கில் படிந்த நெய்ப்பசையைத் துடைக்கும். இதுவும் விலையுயர்ந்த பர்கண்டி ஒயின்களின் விலை கேட்பதில்லை.

மஸ்கடே வாங்கும்போது புட்டியில் 'சூர் லீ' இருக்கிறதா என்று பாருங்கள். சிப்பி கிடைக்காவிட்டால் வேகவைத்த மட்டி, ஆட்டுப்பால் சீஸ், நாந்த் பக்கத்து வெண்ணெய்ச் சாறு ஊற்றிய ஆற்றுமீன் எதுவும் சரி. இன்னும் சில யூரோ கூடுதலாகச் செலவிடலாம் என்றால் க்ளிஸ்ஸோன் அல்லது கோர்ஜ் ஊர்ப்பெயர் போட்டதைத் தேடுங்கள். அவை மண்டியில் இரண்டு ஆண்டுகளாவது ஊறியவை.