வாசி தீர்ந்த காசு

இறைவன் அடியாரைக் கைவிடான் என்னும் நம்பிக்கைக்குச் சான்றாக நம் புராணப் பிரசங்கிகள் எடுத்துரைக்கும் கதைகளுள் திருவீழிமிழலைப் படிக்காசு வரலாறும் ஒன்று. ஏழாம் நூற்றாண்டிலே ஞானசம்பந்தரும் நாவுக்கரசரும் அத்தலத்தில் உறைந்த காலத்தில் மழை பொய்த்தது, காவிரி வற்றியது, பஞ்சம் மூண்டது. இறைவன் கனவிலே தோன்றி, நாள்தோறும் இருவர்க்கும் ஒவ்வொரு காசு அருளினான். அடியார் பசி தீர்ந்தது. இவ்வளவில் பிரசங்கம் முடிந்துவிடுகிறது. சேக்கிழார் முடிக்கவில்லை. அவர் மேலே சொல்லும் பகுதியே எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

காசு வந்த முறையை முதலிற் காண்போம். வானத்திலிருந்து சோறு பொழியவில்லை. கோயிலின் கிழக்குப் பீடத்திலே பிள்ளையார்க்கும், மேற்குப் பீடத்திலே அரசர்க்குமாகக் காசு வைக்கப்பட்டது. அதனைக் கடைவீதிக்குக் கொண்டுசென்று பண்டம் வாங்க ஆள் வேண்டும். உலை வைக்க ஆள் வேண்டும். அடியாரெல்லாம் உண்ண வருமாறு பறை சாற்றவும் ஆள் வேண்டும். காசுக்குச் சேக்கிழார் காட்டும் காரணமும் நோக்கத்தக்கது. கால வேறுபாட்டால் அவ்விருவர்க்கும் வாட்டமில்லை. அவர்களைச் சார்ந்து வந்தோர்க்காகவே அக்கொடை. (சுந்தரரோ, இறைவன் தமிழிசை கேட்கும் ஆசையால் தந்தான் என்கிறார். புலவர் மனம் அப்படித்தான் போகும்!)

இனித்தான் சுவையான செய்தி. நாவுக்கரசர் மடத்திலே அடியார் உரிய வேளையில் உண்டனர். சம்பந்தர் மடத்திலே நாள்தோறும் தாமதம். காரணம் வினவியபோது, அமுது சமைப்போர் ஒளியாமற் கூறினர்: பிள்ளையார் பெறும் காசுக்குக் கடையிலே வாசி கேட்கிறார்கள், அரசர் பெறும் காசுக்கு அது இல்லை. வாசி என்பது நாணய மாற்றிலே கழிக்கப்படும் வட்டம். ஞானப்பால் உண்ட பிள்ளைக்கு வட்டமுள்ள காசு! தந்தவர் யார் என்பது வணிகர்க்கு ஒரு பொருட்டன்று போலும். அவர்கள் காசின் தரத்தையே பார்த்தனர்.

சம்பந்தர் சினக்கவில்லை. அரசர் உழவாரம் ஏந்திக் கைத்தொண்டு செய்பவர், அதனாலே அவர் காசு நற்காசாயிற்று என்று தெளிந்தார். ஆயினும் அத்தெளிவோடு வாளாவிருந்தாரல்லர். மறுநாள் இறைவன் திருமுன் சென்று, வாசி தீர்த்துத் தருக என்று பதிகம் பாடினார்; கேட்டது கிடைத்தது.

வகுப்பிலே இதனை நான் நடத்தியபோது ஒரு மாணவி, "காசு தந்தவர் மழையையே தந்திருக்கலாமே, ஐயா?" என்று கேட்டாள். மழையும் பின்னர் வருகிறது. ஆனால் எப்போது வரும் என்பது அங்கிருந்த எவர்க்கும் தெரியாது. ஒரு நாளைக்கு ஒரு காசு; நாளைய காசு இன்று கையில் இல்லை. அந்நிலையிலேதான் அவர்கள் பறையறைந்து அடியாரையெல்லாம் உண்ண அழைத்தார்கள். அப்பறையொலியிலே நான் நம்பிக்கையைக் காண்கிறேன் என்றேன். அவள் கேட்டதற்கு இது முழு விடையாகாது என்பதை அவள் முகமே காட்டிற்று. முழு விடை என்னிடமும் இல்லை.

பெரியபுராணத்தை 1852இல் வசன நூலாக்கி, இக்கதையை எளியோர் கையிலும் சேர்த்தவர் ஆறுமுக நாவலர். 1877இல் யாழ்ப்பாணத்தைப் பஞ்சம் வருத்தியபோது அவர் பொருளுடையோரிடம் கேட்டுப் பெற்று, வறியோர்க்குக் கஞ்சித்தொட்டி அமைத்தார். இரண்டு ஆண்டுகளின் பின், 1879இல், சிவபதம் அடைந்தார். அவர் எழுதிய வசனத்தை வைத்துக்கொண்டு பிரசங்கம் செய்வோர், மடைப்பள்ளியார் வாய்திறந்து பேசும் இடத்தையும் இனி விடாது சொல்வாராயின் நன்று.