சொத்தும் சொத்தையும்!

தலைவலி என்றால் மாத்திரை, காய்ச்சல் என்றால் டாக்டர். பல்வலி என்றால் மட்டும் நம் வீடுகளில் மாநாடு! பாட்டி கிராம்பு என்பார். மாமா உப்புத் தண்ணீர் என்பார். பக்கத்து வீட்டுக்காரர் "புகையிலையை அடக்கிக்குங்க ஸார், பறந்துடும்" என்பார். (அவருக்கு ஒரு பல்கூடக் கிடையாது என்பது வேறு விஷயம்!) இத்தனை பேரையும் தாண்டி நாம் டாக்டரிடம் போய்ச் சேர்வதற்குள், பல் 'போய்ச் சேர்ந்து' விடுகிறது.

எங்கள் பேட்டையில் முப்பது வருஷத்துக்கும் மேலாகக் கிளினிக் வைத்திருக்கும் பல் டாக்டரிடம், "உங்க சர்வீஸ்ல பார்த்த பெரிய வியாதி எது ஸார்?" என்று கேட்டேன்.

"தள்ளிப் போடறது" என்றார் சட்டென்று. "'நாளைக்குப் பார்த்துக்கலாம்'னு சொன்னவங்க கட்டிக் கொடுத்ததுதான் தம்பி இந்தக் கிளினிக்!"

அவர் மேஜைக்கு மேலே ஒரு போட்டோ. டாக்டர் ரஃபியுதீன் அகமது. 1890-ல் கிழக்கு வங்காளத்தில் பிறந்தவர். அமெரிக்கா போய், 1915-ல் அயோவா பல்கலைக்கழகத்தில் பல் மருத்துவப் பட்டம் வாங்கி, பாஸ்டனில் குழந்தைகளுக்கான பல் மருத்துவமனையில் வேலை பார்த்தார். ஊர் திரும்பி, 1920-ல் கல்கத்தாவில் இந்தியாவின் முதல் பல் மருத்துவக் கல்லூரியைத் தொடங்கினார். பணம்? 'நியூயார்க் சோடா ஃபவுண்டன்' என்று ஒரு கடை நடத்தி, அந்த வருமானத்தைக் கல்லூரியில் போட்டார். பல்லுக்கு ஆகாத சோடா, பல் காலேஜுக்கு முதலாகிவிட்டது! பல் பிடுங்குவதைத் தெருவோர வேலையாகவே பலரும் நினைத்திருந்த காலம் அது. 1949-ல் கல்லூரியை அரசாங்கத்திடமே கொடுத்துவிட்டார். 1964-ல் பத்மபூஷண். நம் சென்னையில் அரசு பல் மருத்துவக் கல்லூரி வந்தது 1953-ல்.

"அவர் டாக்டர்களை உண்டாக்கிட்டார். பேஷண்டுகளை நேரத்துக்கு வரவைக்கத்தான் யாராலயும் முடியலை" என்றார் நம்மவர்.

ஏன் நேரத்துக்குப் போக மாட்டேன் என்கிறோம்? வலிக்கவில்லையே! அங்கேதான் சூட்சுமம். பல்லின் மேல் ஓடு எனாமல். உடம்பிலேயே கெட்டியான பொருள், உணர்ச்சி கிடையாது. வாயில் உள்ள கிருமிகள் நாம் தின்ற சர்க்கரையைத் தாங்களும் தின்று அமிலத்தை விடுகின்றன. எனாமல் கரைந்து குழி விழுகிறது. வலிக்காது. குழி அடுத்த அடுக்குக்குப் போனதும் ஐஸ் வாட்டர் பட்டால் 'சுரீர்'. அதற்கும் உள்ளே நரம்பு. கிருமி அதைத் தொட்ட பிறகுதான், ராத்திரி இரண்டு மணிக்கு எழுப்பி உட்கார வைக்கும் வலி.

பி.காம். படித்தவன் பாஷையில் சொல்கிறேனே. முதல் கட்டத்தில் போனால் சின்ன ஃபில்லிங். அது அசல். விட்டால் ரூட் கெனால், கேப். அது வட்டி. அதையும் விட்டால் பல்லே போச்சு; செயற்கைப் பல். அது வட்டிக்கு வட்டி!

"இதைவிட மோசம், வலி தானா நிக்கறது" என்றார் டாக்டர். "'கிராம்பு கேட்டுது'ன்னு சந்தோஷப்படுவாங்க. கிராம்பு கொஞ்ச நேரம் மரத்துப்போக வைக்கும், அவ்வளவுதான். வலி ஒரேயடியா நின்னா, பல சமயம் நரம்பு செத்துப்போச்சுன்னு அர்த்தம். கிருமி சாகாது. வேருக்குக் கீழே சீழ் வைக்கும். முகம் வீங்கி, காய்ச்சலும் வந்து, வாய் திறக்கவோ விழுங்கவோ முடியலைன்னா உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடணும். உயிருக்கே ஆபத்து."

அடுத்து, மாநாட்டுச் சந்தேகங்களை அவிழ்த்தேன்.

"மேல் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போயிடுமாமே?"

"போகாது. பல்லுக்குப் போற நரம்பு வேற, பார்வை நரம்பு வேற."

"க்ளீன் பண்ணினா பல் ஆடுமாமே?"

"காரை ஏறி ஏறி ஈறு இறங்கி, எலும்பு கரைஞ்சிருக்கும். காரையை எடுத்ததும், ஏற்கெனவே ஆடின பல் வெளிச்சத்துக்கு வருது. திருடனைப் பிடிச்ச போலீஸ் மேலேயே கேஸா?"

"பிரஷ் பண்ணினா ரத்தம் வருதே?"

"அதுக்காகத் தேய்க்கறதை நிறுத்தாதீங்க. மெதுவான பிரஷ்ஷை எடுங்க, வந்து காட்டுங்க. சர்க்கரைக்காரங்க கட்டாயம் வரணும். சர்க்கரை ஏறினா ஈறு கெடும். ஈறு கெட்டா சர்க்கரை அடங்காது. ரெண்டும் கூட்டுக் களவாணிங்க."

"பையன் கிரிக்கெட் ஆடி முன்பல் வேரோட விழுந்துட்டா?"

"வேரைத் தொடாதீங்க, தேய்க்காதீங்க. வெள்ளைப் பக்கத்தைப் பிடிச்சு எடுத்து, பால்ல போட்டு, அரை மணிக்குள்ள ஓடி வாங்க. திரும்ப ஒட்ட வாய்ப்பு உண்டு. பால் பல்லா இருந்தா மட்டும் திரும்ப வைக்கறதில்லை."

கடைசியில் அவர் குரல் இறங்கியது. "பல் க்ளீன் பண்ண வந்த ஒரு மளிகைக் கடைக்காரர். கன்னத்துக்குள்ள வெள்ளைத் திட்டு. வலியே இல்லை. வாய் நிறையப் பாக்கு, புகையிலைப் பழக்கம். பயாப்ஸிக்கு அனுப்பினேன். ஆரம்பக் கட்டப் புற்றுநோய். ஆபரேஷன் ஆச்சு, இன்னிக்கும் கடையில உட்கார்றார். இன்னொருத்தர் அதே மாதிரி புண்ணை, 'வலிக்கலையே டாக்டர்'னு எட்டு மாசம் வெச்சிருந்தார். அவர் இன்னிக்கு இல்லை. மூணு வாரமா ஆறாத புண்ணை, வலிக்கலைன்னாலும் காட்டிடுங்க தம்பி. இதை மட்டும் பெரிய எழுத்துல போடுங்க!"

போட்டுவிட்டேன் டாக்டர். கூடவே அவருடைய தினசரி மருந்துச் சீட்டு: காலையில் ஒரு தடவை, ராத்திரி படுக்குமுன் ஒரு தடவை, ஃப்ளூரைடு பேஸ்ட்டால் இரண்டு நிமிஷம் தேய்க்க வேண்டும். ஒரே ஒரு லட்டு சாப்பிட்டு வாய் கொப்பளிப்பவரைவிட, நாள் பூரா மிட்டாய் சப்புபவருக்குத்தான் சொத்தை அதிகம். வலிக்கிற இடத்தில் ஆஸ்பிரினை அடக்குவது கூடாது, ஈறு வெந்துவிடும்.

வீட்டுக்கு வருஷா வருஷம் சொத்து வரி கட்டுகிறோம். மறந்தால் நோட்டீஸ் வரும். முப்பத்திரண்டு பல்லும் சொத்துதான் ஸார். வருஷத்துக்கு ஒரு தடவையாவது போய்க் காட்டிவிடுங்கள். இங்கே நோட்டீஸ் கிடையாது, நேரே ஜப்திதான்!