விதியை மீறாமலே கெடும் ஆறு

கழிவுநீர் விட ஆலைகள் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் இசைவாணை பெறுகின்றன. ஆற்றங்கரை ஊர்களிலிருந்து வரும் கடிதங்களில் ஒரே குழப்பம்: எல்லாம் வரம்புக்குள் இருக்கிறது என்று வாரியம் சொல்கிறதே, பிறகு தண்ணீர் ஏன் இப்படி இருக்கிறது?

வரம்பு எதற்கு?

ஒரு லிட்டர் கழிவுநீரில் எத்தனை மில்லிகிராம் என்பதற்கும், ஒவ்வோர் ஆலையும் நாளொன்றுக்கு எவ்வளவு விடலாம் என்பதற்கும்தான். கரைந்த உப்புகளுக்குத் தமிழ்நாட்டில் 2,100 மி.கி. வரை இடமுண்டு. நாளொன்றுக்கு ஒரு லட்சம் லிட்டர் விடும் ஆலை, விதியை மீறாமலே 210 கிலோ உப்பை ஆற்றில் சேர்க்கலாம். அப்படி நூறு ஆலைகள் இருந்தால், ஒரே நாளில் 21 டன். தனித்தனியாகப் பார்த்தால் யார்மீதும் குற்றமில்லை. ஆறு மொத்தம் எவ்வளவு தாங்கும் என்று முதலில் கணக்கிட்டு, அதை ஆலைகளுக்குப் பங்கிடும் வழக்கம் நம் இசைவாணை முறையில் இல்லை.

இன்னொரு ஓட்டையும் உண்டு. கழிவுநீரின் பிஓடி (உயிர்வேதி ஆக்சிஜன் தேவை) லிட்டருக்கு 30 மி.கி. வரை இருக்கலாம். குளிக்கத் தகுந்த ஆற்றில் 3-ஐத் தாண்டக் கூடாது. இந்தப் பத்து மடங்கு இடைவெளியை ஆற்றில் ஓடும் நல்ல தண்ணீர் சரிக்கட்டிவிடும் என்ற நம்பிக்கையில்தான் விதி நிற்கிறது. பல மாதங்கள் வறண்டு கிடக்கும் நொய்யலில் அந்த நல்ல தண்ணீர் ஏது? அந்த ஆற்றின் குறுக்கே பாசனத்துக்கென்று 1992-இல் திறந்த ஒரத்துப்பாளையம் அணையில் திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கியது. விவசாயிகள் வழக்காடினார்கள். சாயப்பட்டறைகள் கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடக் கூடாது என்ற நிலைக்குச் சென்னை உயர் நீதிமன்றம் 2006-இல் வந்தது. நிறைவேறாததால் 2011 ஜனவரியில் அவற்றை மூடச் சொன்னது.

வெளியேற்றாத உப்பு எங்கே போகும்?

திடக்கழிவாகக் கூடங்களில் சேர்கிறது. அதில் மழை படாமல் காக்க வேண்டும்.

ஆற்றோரம் ஆலை கட்டலாமா?

பட்டியலிட்ட ஆறுகளிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் கடும் மாசு ஆலைகளுக்கு 1989-ஆம் ஆண்டு அரசாணை தடை விதிக்கிறது.

இசைவு கேட்கும் விண்ணப்பத்துக்கு வாரியம் பதிலே தராவிட்டால்?

முழுமையான விண்ணப்பம் தந்து நான்கு மாதம் கடந்தால் இசைவு நிபந்தனையின்றிக் கிடைத்ததாகவே 1974 நீர்ச் சட்டம் கொள்கிறது.

நகராட்சிச் சாக்கடையை ஆற்றில் விடவும் இசைவு வேண்டுமா?

வேண்டும், அதே சட்டப்படி.

நாம் என்ன செய்யலாம்?

தகவல் உரிமைச் சட்டத்தில் இசைவாணை நகல்களைக் கேளுங்கள். ஆலைக்கு நாளொன்றுக்கு எத்தனை கிலோலிட்டர் என்பது அவற்றில் இருக்கும். எல்லாவற்றையும் கூட்டுங்கள். வாரியம் தானே கூட்டி, ஆறுவாரியாக வெளியிட வேண்டிய கணக்கு அது.