வைஃபை பாஸ்வேர்டு உங்கள் செல்போன் நம்பரா? உடனே மாற்றுங்கள்!

2008 ஜூலை 26. அகமதாபாத்தில் குண்டுகள் வெடிப்பதற்குச் சில நிமிடங்களுக்கு முன்பு, தொலைக்காட்சி நிறுவனங்களுக்கு ஒரு மிரட்டல் இமெயில் வந்தது. ஐ.பி முகவரியைப் பிடித்துக்கொண்டு போன போலீஸார் கடைசியில் போய் நின்றது, நவி மும்பையில் ஓர் அமெரிக்கர் வசித்த ஃபிளாட் வாசலில். சரியாகப் பூட்டப்படாத அவர் வீட்டு வைஃபையில் யாரோ நுழைந்து மெயிலைத் தட்டிவிட்டுப் போயிருந்தார்கள். விசாரணை, கம்ப்யூட்டர் பறிமுதல் என அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல.

வீட்டில் பத்து போன் இருந்தாலும் வெளியுலகுக்குத் தெரிவது ரவுட்டரின் ஒரே முகவரிதான். கனெக்‌ஷன் யார் பெயரில் இருக்கிறதோ, முதல் கேள்வி அவரிடம்தான் வரும்.

ஃபைபர் கனெக்‌ஷன் கொடுக்க வருபவர் சுவரில் துளை போட்டு, ஒயரை இழுத்து, "பாஸ்வேர்டு என்ன சார் வைக்கட்டும்?" என்று கேட்பார். அவசரத்தில் நம்மில் பலர் சொல்வது செல்போன் நம்பரை! இந்திய மொபைல் எண்கள் 6 முதல் 9-க்குள் தொடங்கும் பத்து இலக்கங்கள். மொத்தமே 400 கோடி வாய்ப்புகள்தான். கேட்க மலைப்பாக இருக்கும். ஆனால், உங்கள் போன் வைஃபையில் இணையும் நொடியில் பரிமாறப்படும் தகவலைப் பிடித்துவைத்துக்கொண்டால், நல்ல கிராஃபிக்ஸ் கார்டு உள்ள கம்ப்யூட்டர் சில மணி நேரத்தில் அத்தனையையும் போட்டுப் பார்த்துவிடும். போதாக்குறைக்கு, அந்த நம்பர் பால்காரர் முதல் பக்கத்து வீட்டுப் பையன் வரை எல்லோரிடமும் இருக்கிறது. சம்பந்தமில்லாத நான்கைந்து சொற்களைக் கோத்து, இடையில் எண்களைச் சேர்த்து வையுங்கள். 63 எழுத்துகள் வரை இடம் இருக்கிறது.

பலரும் மறப்பது இரண்டாவது பாஸ்வேர்டை. ரவுட்டரின் செட்டிங்ஸுக்குள் நுழைய, அதன் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள முகவரியை (பெரும்பாலும் 192.168.1.1) பிரவுசரில் அடிக்க வேண்டும். அங்கே யூசர்நேம் 'அட்மின்', பாஸ்வேர்டும் 'அட்மின்' என்றே விட்டுவைத்த வீடுகள் ஏராளம். 2016-ல் 'மிராய்' என்ற வைரஸ், இப்படிப்பட்ட சுமார் 60 கம்பெனி பாஸ்வேர்டுகளை மட்டுமே வைத்துக்கொண்டு லட்சக்கணக்கான கேமராக்களையும் ரவுட்டர்களையும் கைப்பற்றியது. ட்விட்டரும் நெட்ஃபிளிக்ஸும் அந்த அக்டோபரில் ஒரு நாள் தடுமாறியதற்கு இதுதான் காரணம்.

உள்ளே போன கையோடு செக்யூரிட்டி பகுதியில் 'டபிள்யூ.பி.ஏ 3' இருந்தால் அதையும், இல்லையென்றால் 'டபிள்யூ.பி.ஏ 2' என்பதையும் தேர்ந்தெடுங்கள். 'டபிள்யூ.இ.பி' மட்டும் வேண்டவே வேண்டாம். அது 2001-லேயே உடைக்கப்பட்ட பூட்டு. பட்டனை அழுத்தினால் இணையும் 'டபிள்யூ.பி.எஸ்' வசதியையும் அணைத்துவிடலாம். ஃபர்ம்வேர் அப்டேட் காட்டினால் தள்ளிப்போடாதீர்கள். நெட்வொர்க் பெயரில் வீட்டு நம்பரையும் குடும்பப் பெயரையும் போடுவது, தெருவுக்கே அடையாளம் சொல்வதுபோல.

சிக்னல் சரியில்லை என்றால் பிளானை மாற்றும் முன் இடத்தை மாற்றிப் பாருங்கள். டி.வி-க்குப் பின்னாலோ இரும்பு பீரோ பக்கத்திலோ ரவுட்டரை ஒளித்துவைத்தால் அது என்ன செய்யும், பாவம்! வீட்டின் நடுவில், கொஞ்சம் உயரத்தில் இருக்கட்டும். 5 கிகாஹெர்ட்ஸில் வேகம் அதிகம். ஆனால், சுவர்களைத் தாண்டத் திணறும். தூரத்து அறைக்கு 2.4 சரி.

பாஸ்வேர்டை மாற்றியதும் டி.வி, கேமரா, தாத்தாவின் டேப்லெட் எல்லாமே துண்டிக்கப்படும் என்பதால், மேட்ச் ஓடும் நேரத்தில் இந்த வேலையில் இறங்காதீர்கள். மீண்டும் இணைக்கும்போது டி.வி-யையும் கேமராவையும் 'கெஸ்ட் நெட்வொர்க்'கில் போட்டுவிடுங்கள். விருந்தாளிகளுக்கும் அதுவே போதும். பாஸ்வேர்டை வாய்விட்டுச் சொல்லக்கூட வேண்டாம், போனில் வைஃபை ஷேர் பகுதியில் வரும் க்யூ.ஆர் கோடைக் காட்டினாலே இணைந்துவிடும்.