ஈரமும் வெப்பமும்: ஆவியாதற் குளிரூட்டலும் வெப்பப் பரிமாற்றியும் பற்றி, கரவெட்டிச் சூழலை முன்வைத்துச் சில குறிப்புகள்

தமிழில் அறிவியல் எழுத்து என்பது பெரும்பாலும் பாடநூல் எழுத்தாகவே இருந்து வந்துள்ளது. விதி கூறப்படும், எடுத்துக்காட்டுக்கு எங்கோ தொலைவிலுள்ள ஆலை ஒன்றின் படம் காட்டப்படும், மாணவன் வாழும் ஊரின் கிணறும் அடுப்பும் காற்றும் பாடத்துக்கு வெளியே நின்றுவிடும். வளிச்சீராக்கம் பற்றிய விளக்கங்களும் இதற்கு விலக்கானவையல்ல. இலக்கிய ஆய்வுத் துறையைச் சார்ந்த ஒருவர் இவ்விடயத்தினுட் புகுவதற்கு நியாயம் ஒன்றுண்டு. ஒரு தொழினுட்பம் எந்த இயற்கை விதியின் மேல் நிற்கின்றது என்பதை இயற்பியல் கூறும். அது யாருடைய தேவைக்காகத் தோன்றிற்று, யாருடைய நீரையும் உழைப்பையும் செலவிடுகின்றது என்பன சமூக வரலாற்று வினாக்கள். இவ்விரண்டையும் பிரித்துப் பார்ப்பது வசதியாயிருக்கலாம், பயன் குறைவு.

வடமராட்சியில் விறாந்தை மூலையில் வைக்கப்பட்ட மண்பானையிலிருந்து தொடங்குவோம். சுட்ட மண்ணின் நுண்டுளைகளூடாக நீர் கசிந்து வெளிப்புறத்தில் ஈரமாகப் படர்கின்றது; அந்த ஈரம் காற்றிலே ஆவியாகின்றது. திரவம் ஆவியாக மாறுவதற்கு வெப்பம் வேண்டும். இதனையே மறைவெப்பம் என்கிறோம். அதன் அளவு வியப்புக்குரியது. ஒரு லீற்றர் நீரின் வெப்பநிலையை ஒரு பாகை செல்சியசால் உயர்த்த 4.2 கிலோயூல் போதும். அதே ஒரு லீற்றரைச் சாதாரண வெப்பநிலையில் ஆவியாக்க ஏறக்குறைய 2,400 கிலோயூல் வேண்டும். ஆகவே பானை நீரில் நூற்றில் ஒரு பங்கு ஆவியானால், அதற்கான வெப்பம் எஞ்சிய நீரிலிருந்தே பெறப்படுமாயின், அந்நீர் ஏறக்குறைய ஆறு பாகை குளிரும். வெளியிலிருந்தும் பானைக்கு வெப்பம் வந்துகொண்டேயிருப்பதால் நடைமுறையில் இவ்வளவு கிட்டுவதில்லை. மெருகூட்டிய பீங்கான் சாடியிலோ பிளாத்திக்குக் கலனிலோ கசிவு இல்லை. எனவே குளிர்ச்சியும் இல்லை.

இக்குளிர்ச்சிக்கு ஓர் எல்லை உண்டு. வெப்பமானியின் குமிழை ஈரத்துணியாற் சுற்றிக் காற்றிற் பிடித்தால் அது காட்டும் வெப்பநிலை, ஈரக்குமிழ் வெப்பநிலை எனப்படும். ஆவியாதல் ஒன்றினால் மாத்திரம் எப்பொருளையும் இதற்குக் கீழே கொண்டுபோக முடியாது. காற்று எவ்வளவு உலர்ந்ததோ அவ்வளவுக்கு இவ்வெல்லை தாழ்வாக இருக்கும். இராசத்தானத்துக் கோடையில் 40 பாகை வெப்பமும் 20 சதவீதச் சாரீரப்பதனும் உள்ள நண்பகலில் ஈரக்குமிழ் 22 அல்லது 23 பாகையே காட்டும். வட இந்திய வீடுகளில் வெட்டிவேர்த் தட்டிகளுக்கு நீர் தெளித்ததும், பின்னர் அவ்விடத்தில் மின்விசிறியும் நீர்ப்பம்பியும் பொருத்திய குளிர்விப்பான்கள் பரவியதும் இதனாலேயே. கரவெட்டியின் கணக்கோ வேறு. கடல் எத்திசையிலும் தொலைவில் இல்லை. 32 பாகை வெப்பமும் 75 சதவீதச் சாரீரப்பதனும் உள்ள ஒரு பகலில் ஈரக்குமிழ் ஏறக்குறைய 28 பாகையில் நிற்கும். மிகச் சிறந்த குளிர்விப்பானும் மூன்று பாகைக்கு மேல் எதனையும் தராது. தந்தபின் அறைக்காற்று நீராவியால் நிரம்பலை நெருங்கியிருக்கும்.

இதன் விளைவை உடல் உடனே உணரும். ஏனெனில் மனித உடலே ஓர் ஆவியாதற் குளிரூட்டி. வியர்வை வழிவதாற் பயனில்லை. அது ஆவியாக வேண்டும். ஈரம் நிறைந்த காற்றில் அது ஆவியாவதில்லை, வழிந்தோடுகின்றது. டெல்லியில் ஏழைக்கும் எட்டக்கூடிய ஒரு கருவி எம்மூரில் புழுக்கத்தையே கூட்டுகின்றது என்றால் குறை கருவியுடையதன்று. ஒரு தொழினுட்பம் இடம்பெயரும்போது அதன் காலநிலையும் உடன் வருவதில்லை.

ஈரக்குமிழ் வெப்பமானி உழைப்பின் வரலாற்றினுள் நுழைந்த விதம் கவனத்துக்குரியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் லங்காசயர் நெசவாலைகளில், கஞ்சியும் களிமண்ணும் ஏற்றிய பாவு நூல் உலர்ந்த காற்றில் அறுந்தமையால், ஆலைக்குள் நீராவி பாய்ச்சப்பட்டது. நூல் அறாமல் நின்றது. நெசவாளர் நனைந்த உடையுடன் குளிர்காலத் தெருவில் வீடு திரும்பினர். அவர்களது எதிர்ப்பின் பயனாக 1889இல் பிரித்தானியப் பருத்தித்துணித் தொழிற்சாலைகள் சட்டம் ஆலைக்காற்றின் ஈரத்துக்கு உச்ச அளவு விதித்தது; உலர்குமிழ், ஈரக்குமிழ் வெப்பமானிகள் சட்டத்தின் கருவிகளாயின. 1902இல் நியூயோர்க்கின் புரூக்கிளினில் ஓர் அச்சகத்துக்காக வில்லிசு கரியர் அமைத்த பொறி, நவீன வளிச்சீராக்கத்தின் தொடக்கமெனக் கொள்ளப்படுகின்றது. தாள் ஈரத்தால் விரிந்து நிறங்கள் ஒன்றன்மேலொன்று பொருந்தாமற் போனதே அங்கு சிக்கல். ‘வளிச்சீராக்கம்’ என்பதற்குரிய ஆங்கிலச் சொல்லையே 1906இல் வழங்கியவர் இசுருவேட்டு கிராமர் என்னும் அமெரிக்க நெசவாலைப் பொறியியலாளர். காற்று முதலிற் சீராக்கப்பட்டது தாளுக்கும் நூலுக்குமாக. மனிதர் பின்னரே வந்தனர், அவர்களுள்ளும் நுழைவுச்சீட்டு வாங்கக்கூடிய திரையரங்கப் பார்வையாளர் முன்னே நின்றனர். இவ்வரிசை தற்செயலானதென்று இக்கட்டுரையாளர் கருதவில்லை.

தொழிலாளியின் பக்கத்திலிருந்து அதே வெப்பமானியை நோக்கியவர் ஜே. எஸ். ஹோல்டேன். கோர்ன்வோல் சுரங்கங்களை ஆராய்ந்து 1905இல் அவர் வெளியிட்ட முடிவு இது: உடலைத் தாக்குவது உலர்குமிழ் காட்டும் வெப்பத்தைவிட ஈரக்குமிழ் காட்டும் வெப்பமே, அசைவற்ற காற்றில் அது 31 பாகையைத் தாண்டினால் ஓய்வாக இருப்பவரின் உடல்வெப்பமும் ஏறத் தொடங்கும். 35 பாகை மனித உடல் தாங்கக்கூடிய கோட்பாட்டு எல்லை என 2010இல் கணிக்கப்பட்டது. 2022இல் பென்சில்வேனியாவில் இளம் வயதினரைக் கொண்டு நடத்திய பரிசோதனைகள், ஈரமான சூழலில் எல்லை 31 பாகைக்கு அண்மையிலேயே உள்ளதெனக் காட்டின. எமது 28 பாகைக்கும் அதற்கும் இடைவெளி அதிகமில்லை.

எமது நாட்டின் மலையகத் தேயிலைத் தொழிற்சாலையில், அரைத்த கொழுந்து நொதிக்கும் அறைக்கு நுண்டுளியாக நீர் தெளித்து ஈரமும் குளிர்ச்சியும் பேணப்படுகின்றன என்பதையும், அக்கொழுந்தைப் பறித்தவர் தகரக் கூரையிட்ட லயன் அறைக்குத் திரும்புகின்றார் என்பதையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம்.

இனி வெப்பப் பரிமாற்றி. இரு பாய்பொருள்கள் ஒன்றோடொன்று கலவாமல், இடையே ஒரு சுவரை வைத்து வெப்பத்தை மாத்திரம் கைமாற்றிக்கொள்ளும் அமைப்பு இது. மோட்டார் வாகனத்தின் முன்புறமுள்ள நீர்க்குளிர்த்தி கண்கூடான எடுத்துக்காட்டு. சுவர் மெல்லியதாகவும் வெப்பத்தை எளிதிற் கடத்துவதாகவும் பரப்பு மிகுந்ததாகவும் இருக்கவேண்டும்; குழாய்களின்மேல் மெல்லிய தகட்டிதழ்கள் நெருக்கமாகப் பொருத்தப்படுவது பரப்பைப் பெருக்குவதற்கே. இரு பாய்பொருள்களும் எதிரெதிர்த் திசையிற் சென்றால் கைமாற்றம் கூடுதலாகும்.

வளிச்சீராக்கி என்பது இத்தகைய இரண்டு பரிமாற்றிகளுக்கு இடையே ஓர் அமுக்கியை வைத்த பொறி. அறைக்குள் உள்ள சுருளில் குளிரூட்டும் திரவம் ஆவியாகி வெப்பத்தை உறிஞ்சும். வெளியே உள்ள சுருளில் அதே ஆவி ஒடுங்கி வெப்பத்தை உமிழும். பானையில் நிகழ்ந்ததே இங்கும் நிகழ்கின்றது. ஆவியானதைத் திரும்பப் பிடித்துக்கொள்வது மட்டும் வேறு. கடைக்காரர் ‘ஒரு தொன்’ என்று கூறுவது பனிக்கட்டி வணிகக் காலத்து அளவு: 907 கிலோகிராம் பனிக்கட்டி ஒரு நாளில் உருகும்போது உறிஞ்சும் வெப்ப வீதம், அதாவது 3.5 கிலோவாற்று. இதற்கு ஏறக்குறைய ஒரு கிலோவாற்று மின்சாரம் செலவானால் 4.5 கிலோவாற்று வெப்பம் வெளியே கொட்டப்படும். குளிர்ச்சி உற்பத்தியாவதில்லை, வெப்பம் சுவருக்கு அப்பால் உள்ளவரிடம் ஒப்படைக்கப்படுகின்றது.

அப்பொறி ஏன் ஓயாமல் நீர் சொட்டுகின்றது என்று பலர் கேட்பதுண்டு. மேற்கூறிய 32 பாகைக் காற்றின் ஒரு கன மீற்றரில் ஏறக்குறைய 25 கிராம் நீராவி இருக்கும். 25 பாகையில் காற்று தாங்கக்கூடியது 23 கிராமே. எனவே குளிர்ந்த சுருளில் நீர் ஒடுங்கியே தீரும். ஒடுங்கும் ஒவ்வொரு லீற்றருக்கும் அதே 2,400 கிலோயூலைப் பொறி வெளியேற்றியாக வேண்டும். எம்மவர் செலுத்தும் மின்கட்டணத்தில் ஒரு பகுதி, காற்றிலிருந்து தண்ணீர் இறைப்பதற்கான கூலி.

பேராலைகளிலும் மின்நிலையங்களிலும் வெளியேற்றவேண்டிய வெப்பம் மிகப் பெரிது. கடலோரமாயின் கடல்நீரையே பயன்படுத்தலாம். நுரைச்சோலை அனல்மின் நிலையம் அவ்வாறே செய்கின்றது. அல்லாதவிடத்துக் குளிரூட்டற் கோபுரம் வேண்டும். ஆலையிலிருந்து சூடேறி வரும் நீர் கோபுரத்தின் மேலிருந்து சிதறி விழ, காற்று எதிரே ஏறும். சிறு பகுதி ஆவியாக, எஞ்சியது குளிர்ந்து திரும்பும். கணக்கு பானையின் கணக்கே: ஆறு பாகைக்கு நூற்றில் ஒன்று. 1,000 லீற்றர் நீரைப் பத்துப் பாகை குளிர்விக்க ஏறக்குறைய 17 லீற்றர் காற்றோடு போய்விடும். 45 பாகை நீரை 32 பாகைக்குக் கொணர எமது ஈரக்காற்றும் போதும். அறைக்குப் பயன்படாத முறை ஆலைக்குப் பயன்படுவது இதனாற்றான்.

ஆனால் யாழ்ப்பாணத்தில் இந்நீர் எங்கிருந்து வரும்? குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு இல்லை. ஐப்பசி தொட்டு மார்கழி வரை பெய்யும் மழை சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளினூடே இறங்கி, உவர்நீரின் மேல் ஒரு நன்னீர் வில்லையாக மிதக்கின்றது. மிகையாக இறைத்தால் உவர் மேலெழும். அதே வெடிப்புகள் மழையோடு கழிவையும் உள்ளே விடும். சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்தமை 2014, 2015ஆம் ஆண்டுகளில் பெரும் பிரச்சினையாகி, 2019இல் உயர் நீதிமன்றத் தீர்ப்பு வரை சென்றது.

சுண்ணாம்புக்கல் நீர் பரிமாற்றிக்கும் பகை. கல்சியம் இருகாபனேற்று கரைந்துள்ள அந்நீர் சூடாகும்போது காபனீரொட்சைட்டு வெளியேற, கல்சியம் காபனேற்று படிகின்றது. கரவெட்டியில் கேத்தலின் அடியில் வெள்ளைச் செதிலைக் காணாத வீடில்லை. உப்பும் சீனியும் சூட்டிற் கூடுதலாகக் கரைவன. இதுவோ சூட்டிற் கரைதிறன் குன்றுவது. ஆகையாற் பரிமாற்றியில் மிகச் சூடான பரப்பையே, அதாவது எங்கே வெப்பம் கடக்கவேண்டுமோ அங்கேயே, நாடிப் படிகின்றது. அதன் வெப்பக்கடத்தாறு செப்பினதைவிட நூற்றுக்கணக்கான மடங்கு குறைவு. கோபுரத்தில் நீர் ஆவியாக உப்புகள் எஞ்சிச் செறிவதால் இடையிடையே பழைய நீரைக் கொட்டிப் புதுநீர் சேர்க்கவும் வேண்டும். கொட்டப்படுவதும் எமது கிணற்று நீரே. பராமரிப்புக் குன்றிய கோபுரம் நோயையும் வளர்க்கலாம்: 1976இல் பிலடெல்பியாவில் ஒரு விடுதியிற் கூடிய முன்னாட் படைவீரரிடையே பரவிப் பலரைப் பலிகொண்ட நுரையீரல் நோய்க்கு அவ்விடுதியின் குளிரூட்டற் கோபுரமே மூலமெனக் கருதப்பட்டது.

குடாநாட்டில் நீர் ஒருபோதும் வெறும் இயற்பியற் பொருளாக இருந்ததில்லை. கிணற்றில் அள்ளும் உரிமை சாதியால் மறுக்கப்பட்ட வரலாற்றை டானியலின் ‘தண்ணீர்’ நாவல் பொருளாகக் கொண்டது. தேநீர்க்கடைக் குவளையிலும் நீர்ப்பானையிலும் அதே கோடு கிழிக்கப்பட்டிருந்தது. 1966 ஒக்டோபர் எழுச்சியும் அதனையடுத்த போராட்டங்களும் அக்கோட்டை அழிக்க முற்பட்டன. குளிர்ந்த நீர் எல்லோருக்கும் குளிர்ந்ததாக இருக்கவில்லை. 2024 முதல் வடமராட்சி கிழக்கின் தாளையடியில் கடல்நீர் குடிநீராக்கப்படுகின்றது. அவ்வளவு மின்சாரம் செலவிட்டுப் பெறும் நீரைக் காற்றில் விடும் எத்திட்டமும் முதலிற் கணக்குக் காட்டவேண்டும்.

சிறிய அளவிலான பயன்கள் இல்லாமலில்லை. புதுடில்லியின் இந்திய வேளாண்மை ஆய்வு நிறுவனத்தில் 1980களில் உருவான, மின்சாரம் வேண்டாத குளிர்க்கூடம் இரட்டைச் செங்கற் சுவரும் இடையே ஈரமணலும் கொண்டது. எமது காலநிலையில் அது பெரிதாகக் குளிராது. எனினும் உட்காற்றின் ஈரம் கீரையும் வெற்றிலையும் வாடாமற் காக்கும். வெங்காயத்துக்கு அது ஆகாது, அழுகிவிடும். எம் கமக்காரர் வெங்காயத்தைப் பிடிபிடியாகக் கட்டிக் காற்றோட்டத்தில் தொங்கவிடுவது அறிந்தே செய்வது.

அவ்வெங்காயத் தறையில் நண்பகலிற் களை பிடுங்குவோர் பெரும்பாலும் கூலிப் பெண்கள். 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச்சட்டம் ‘தொழிற்சாலை’ என்னும் வரைவிலக்கணத்துள் அடங்கும் இடங்களுக்கே உரியது. தோட்டத்தறை அதனுள் வராது. அங்கே ஈரக்குமிழைப் பார்ப்பவர் எவருமில்லை. தலையில் நனைத்துக் கட்டிய துணி ஒன்றே அப்பெண்களிடமுள்ள ஆவியாதற் குளிரூட்டி. சோளகம் வீசும் வரை அது வேலை செய்கின்றது, காற்று விழுந்ததும் நின்றுவிடுகின்றது. காலை பத்து மணிக்குள்ளும் மாலை மூன்றரைக்குப் பின்னுமாக வேலைநேரத்தைப் பிரித்து, நடுவிலுள்ள மணித்தியாலங்களுக்கும் கூலி வழங்குவதற்குப் பொறி எதுவும் தேவையில்லை.